காணாமல் போன வேலைக் கட்டம்

ரெட்டியார்பாளையத்து முருகையன் கம்ப்யூட்டர் முன்னால் சூரன். எதிரே ஒரு பெண் வந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாயிரத்து ஆறில் அவனுக்கு வயது முப்பது. அவனுக்காக அம்மா அமிர்தவல்லி கும்பிடாத சாமி இல்லை. மகன் தேடல் மென்பொருள் எழுதிக் கொடுத்த கல்யாணத் தகவல் நிலையத்திலேயே அவன் விவரத்தையும் பதிந்துவிட்டாள். "நீ வாயத் தொறக்காத. எல்லாம் நான் எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள்.

நிலையத்தை நடத்திய நிர்மலாதேவி கெட்டிக்காரி. போன் நம்பர் திரையில் தெரிந்தால் இரு வீட்டாரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டு அவளுக்குக் கல்தா கொடுத்துவிடுவார்களே! "நம்பரப் போட்டுத் தேடுனா ஆளு வரணும், ஆனா நம்பரு மட்டும் தெரியக் கூடாது தம்பி" என்றாள். அப்படியே செய்து கொடுத்தான்.

மென்பொருள் ஓடத் தொடங்கிய அன்று, வைத்திக்குப்பத்து மீன் வியாபாரி பாலகுரு மகள் ஹேமலதாவுடன் வந்தார். முருகையன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவ்வளவுதான், ஆசாமி கவிழ்ந்தான்.

"கவர்மெண்ட் உத்தியோகம்தான் வேணும்" என்றார் பாலகுரு. புதுச்சேரியில் வேறென்ன கேட்பார்கள்! முருகையன் 'அரசு வேலை' என்று கொடுத்துத் தேடினான். பெயர், வயது, நட்சத்திரம் எல்லாம் வந்தன. வேலை என்ற கட்டம் மட்டும் எல்லோருக்கும் காலி.

"என்னம்மா, அத்தினி பேரும் வெட்டிப் பசங்களா?" என்று நிர்மலாதேவியைக் கேட்டார் பாலகுரு.

முருகையன் திரையை உற்றுப் பார்த்தான். கட்டம் காலி என்பது போதாதென்று, பட்டியலின் கடைசியில் அவன் பெயரும் இருந்தது. கம்பெனிக்காரன் அரசு வேலையில் எப்படி வந்தான்? கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். நம் ஊரில் எல்லா நோய்க்கும் அதுதானே கஷாயம். அது கேட்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், போன் நம்பருக்கு எழுதிய 'தேடு, காட்டாதே' என்ற வரியை நகலெடுத்து வேலைக்கும் ஒட்டி வைத்திருக்கிறான், மகானுபாவன்! வரியைத் திருத்தி, பதிவுகளையெல்லாம் மறுபடி ஏற்றினான். பாலகுரு இரண்டாவது காபியையும் முடித்துவிட்டார்.

கட்டம் நிறைந்தது. முருகையன், வயது முப்பது, அரசு வேலை.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் கைவரிசை!

"இந்தப் பையன் தேவலாம்போல. நட்சத்திரமும் பொருந்துது" என்றார் பாலகுரு. நிர்மலாதேவி மேசைக்கடியில் முருகையனின் காலை மிதித்தாள். சும்மா இருந்தால் போதும், சம்பந்தம் கூடிவிடும். ஆனால் ஹேமலதாவைப் பொய் சொல்லிக் கட்டிக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை.

"ஐயா, அந்த முருகையன் நான்தான். எனக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. அம்மா தெரியாம... இல்ல, தெரிஞ்சேதான் மாத்திப் போட்டுட்டாங்க."

பாலகுருவின் முகம் கடுத்தது. "எந்திரிம்மா, போலாம்."

ஹேமலதா எழுந்திருக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவரு சொல்லலன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமாப்பா? கஷ்டப்பட்டு சரி பண்ணி, தன்னப் பத்தின பொய்யத் தானே வெளிய எடுத்துப் போட்டுட்டு ஒக்காந்திருக்காரு. இப்படி ஒருத்தர எங்க போய்த் தேடுவீங்க?" என்றாள்.

"அப்ப மத்தவனுங்க எல்லாம்?" என்று திரும்பினார் பாலகுரு. நிர்மலாதேவி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள்.

பாலகுரு மறுபடி உட்கார்ந்தார். "யோவ், ஒங்கம்மாவ வரச் சொல்லுய்யா" என்றார். "சம்பந்தி ஆவறதுக்கு முந்தி அவங்ககிட்ட நாலு வார்த்த கேக்கணும்."