லிட்டருக்கு இருபத்தைந்து

செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் சிவனணைந்தபெருமாள் காரில் ஏறுவார். காரைக் கோயிலாக மதிக்கிறார் என்று பார்ப்பவர்கள் மெச்சுவதுண்டு. விஷயம் அதுவல்ல. "செருப்போட மிதிச்சா அளவு தெரியாதுவே. வெறுங்காலுன்னா, பெட்ரோல் போகுத சத்தமே பாதத்துல கேக்கும்" என்பார்.

காவல்துறையில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த ஜீப் எவ்வளவு குடித்தது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்தவரில்லை. சொந்தமாக ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கியதும் ஆளே மாறிப்போனார். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுத்த வண்டியை இருபத்தைந்துக்குக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார். முதலில் பின்சீட்டைக் கழற்றினார். அது இப்போது கீழப்பாவூர் வீட்டுக் கூடத்தில் கிடக்கிறது. விருந்தாளிகள் அதில்தான் உட்கார வேண்டும். அப்புறம் ஏசி போனது. காற்றைத் தடுக்கிறதென்று இடப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடியும் போனது. டயரில் கல் மாதிரிக் காற்றடைத்தார். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறினால்கூட வண்டி ஆளைத் தூக்கிப் போடும். பெட்ரோல் குழாயில் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று யாரோ விற்ற காந்தம் மட்டும் ஏமாற்றிவிட்டது. அது பிரிட்ஜின் மேல் கரண்டு பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கடைசியாகக் கார்புரேட்டரில் கை வைத்தார். அதில் ஒரு சின்னத் திருகு உண்டு. திருகத் திருக என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குறையும்.

"அண்ணாச்சி, இதுக்கு மேல குறைச்சா ஏத்தத்துல நின்னுரும்" என்றார் மெக்கானிக் முஃபீத்.

"நின்னா பெட்ரோல் ஆகாதுல்லா?"

முஃபீத் ஸ்க்ரூடிரைவரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

போன சாரல் பருவத்தில் ஐந்தருவியில் குளிக்க வேண்டுமென்று மனைவி இசக்கிச்செல்வி ஆசைப்பட்டாள். பெருமாள் மறுக்கவில்லை. ஏற்றத்தில் வண்டி இருமியது. "செல்வி, கொஞ்சம் எறங்கி நட. வண்டி மூச்சு விட்டுக்கிடட்டும்." அவள் நடந்தாள். வண்டி அவளுக்கு முன்னால் மெல்லப் போனது. அருவியைப் பார்த்ததும் அதையெல்லாம் மறந்து, ஆசை தீரக் குளித்துவிட்டு முகம் மலர வந்தாள்.

பெருமாள் கார்க் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "சேலைய நல்லாப் பிழிஞ்சியா? தலையையும் துவட்டிரு. ஈரமே ரெண்டு கிலோ தேறும் போலிருக்கே."

இசக்கிச்செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சீட்டக் கழத்துனிய. ஏசியக் கழத்துனிய. இப்பம் என்னையும் கழத்தியாச்சு. இனி நல்லா ஓடும், போங்க." சொல்லிவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தார். ஆட்டோ வளைவில் மறைந்ததும் பதறிப்போய் வண்டியைக் கிளப்பினார். மிதித்தார், இருமியது. அழுத்தி மிதித்தார், அணைந்தே போனது. பக்கத்து சீட் காலியாகக் கிடந்தது. அந்த வண்டி இத்தனை எடை குறைவாக ஒருநாளும் இருந்ததில்லை. பெருமாளுக்கு அதில் துளியும் சந்தோஷமில்லை.

சாரலில் நனைந்தபடியே பானட்டைத் திறந்து திருகைப் பின்னால் சுற்றினார். எத்தனை சுற்று என்று பார்க்கவில்லை. என்ஜின் உறுமியது. மேலகரத்துக்கு முன்னாலேயே ஆட்டோவைப் பிடித்து, ஹாரனில் கை வைத்தது வைத்தபடி அதைத் தாண்டிப் போய், ஒரு பழக்கடை ஓரமாக நிறுத்தினார். ஆட்டோவும் நின்றது.

"செல்வி, ஏறு."

"தலை காயல."

"ஈரத்தோடயே ஏறுட்டி!"

ஆட்டோவில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இசக்கிச்செல்வி இறங்கினாள். ஆனால் காரின் பக்கம் போகவில்லை. நேரே பழக்கடைக்குப் போய், குவியலிலேயே பெரிய பலாப்பழத்தின் மேல் கையை வைத்தாள்.

"அறுத்துத் தரட்டுமாக்கா?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம். முழுசாவே குடுங்க."

கார் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பெருமாள் அதை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு வெறுங்காலோடு சேற்றில் நடந்து வந்து, பலாப்பழத்தை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் வைத்தார். உருண்டுவிடாமலிருக்கத் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அதற்கு முட்டுக் கொடுத்தார்.