லூ என்கிற ஊர்

கணபதிப் பகுதியில் ஒரு தகரக் கொட்டகை, அதில் யாரோ கழித்துவிட்ட பழைய லேத், மழை ஒழுகினால் லேத்தின்மேல் பிடிக்க ஒரு குடை. இவ்வளவுதான் என் ஆரம்பம். கொட்டகையிலிருந்து பவுண்டரி வந்தது, பவுண்டரியிலிருந்து மோட்டார் பம்பு கம்பெனி வந்தது, கம்பெனியிலிருந்து இன்றைக்கு எங்கள் குடும்பமே உட்கார்ந்திருக்கிற மாடிவீடு வந்தது. கடன் கேட்டுப் போனபோது நாற்காலியைக் காட்டாத பேங்க் மேனேஜர், பிற்பாடு வாசல்வரை வந்து என் காரின் கதவைத் திறந்துவிட்டார். தொண்டாமுத்தூரில் வைத்த தென்னங்கன்றுகளை யானைகள் பிடுங்கிப் போட்டன. மறுபடி வைத்தேன், மறுபடி பிடுங்கின, மறுபடியும் வைத்தேன். இப்போது இளநீர் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. படித்தது ஐந்தாவது. எழுத்துப்பிழை இருந்தால் பேரன் திருத்திக்கொள்வான். விஷயத்தை அவன் திருத்த வேண்டியதில்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று உண்டு. லேத்துக்கும் பவுண்டரிக்கும் முன்னால், பத்து வயதில், நான் கிளப்பிவிட்ட முதல் காரியம் ஒரு வடநாட்டுப் பயணம். இப்போது வீட்டில் மே மாதம் டெல்லி, ஆக்ரா போக ஃபோனில் ஒரு குரூப் ஆரம்பித்திருக்கிறார்கள். ஏசி வண்டி, ஏசி ரூம், வெயிலுக்கு முகத்தில் பூச என்ன வாங்குவது என்று நாள் முழுக்கப் பேச்சு. டூர்க்காரன் உதவி இல்லாமல் நாங்களே போட்ட பிளான் என்று பெருமை வேறு. நாங்கள் போனபோதும் டூர்க்காரன் இல்லை. ஏசியும் இல்லை, யாருக்கும் இந்தியும் இல்லை.

எங்கள் ஊர் தாராபுரம் பக்கம், அமராவதிக் கரை. ஊர் மாரியம்மன் நோம்பியில், அதாவது திருவிழாவில், முதல் பரிவட்டம் எங்கள் குடும்பத்துக்கு. கோயில் துணியைத் தலையில் கட்டி, முதல் திருநீறு, முதல் தேங்காய்மூடி எல்லாம் அந்தத் தலைக்குத்தான் கொடுப்பார்கள். தாத்தா இருந்தவரை அவர் தலைக்கு. அவர் போனபின் அப்பாவுக்கு வர வேண்டியது. ஆனால் கோயிலுக்குப் புது மண்டபம் கட்டிக் கொடுத்தவர் சித்தப்பா. கூடப்பிறந்தவர் இல்லை, பங்காளி முறையில் அப்பாவுக்குத் தம்பி. ஊர்க்கூட்டத்தில் அவர் பெயர் எழுந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் சத்தம் போட்டுத் தள்ளிவிடுவதில்லை, 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

"அண்ணன் பெரிய மனசு பண்ணித் தம்பிக்கு உட்டுக்குடுத்தா ஊருக்கே சந்தோசமுங்க" என்றார் கூட்டத்தில் மூத்தவர்.

"அதுக்கென்னங்க, ஆகட்டுங்க" என்றார் அப்பா.

மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. அதோடு மரியாதை போய்விட்டது.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரே கவலைதான். சித்தப்பா தலையில் அந்தத் துணி ஏறும்போது தான் ஊரில் இருக்கக் கூடாது. அதற்கும் ஒரு முறை இருந்தது. பூச்சாட்டி நோம்பியைத் தொடங்கி, கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், மஞ்சள் நீராட்டு முடிகிறவரை ஊர்க்காரன் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. ஆகவே பூச்சாட்டுக்கு முன்பே கிளம்ப வேண்டும், எல்லாம் முடிந்தபிறகே திரும்ப வேண்டும். பக்கத்து ஊரில் சொந்தக்காரர் வீட்டில் போய் உட்கார்ந்தால் கோபித்துக்கொண்டு போனான் என்பார்கள். கோபம் என்று சொல்ல முடியாத அளவுக்குத் தூரமாகப் போக வேண்டும்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். வாத்தியார் வகுப்பில் தாஜ்மகால் படம் காட்டியிருந்தார். சோறு தின்றுகொண்டே, "அப்பா, தாஜ்மகால் பாக்கப் போலாங்களா?" என்றேன். தாராபுரம் சந்தைக்குக் கூட்டிப்போகச் சொன்னாலே யோசிக்கிற மனிதர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"போலாஞ் சாமி" என்றார்.

என் சொல்லுக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

ஏற்பாடு தாய்மாமன் பொறுப்பில் விழுந்தது. மாமாவுக்கு ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வேலை. வடக்கே இருந்து வந்த சேட்டுகளோடு பழக்கம் என்பதால் இந்தி தெரியும் என்று பெயர். மஞ்சள் நன்றாகக் காய்ந்திருக்கிறதா, என்ன விலை, இன்னும் கொஞ்சம் குறைக்கலாமா என்பதை எல்லாம் அந்த மொழியில் அழகாகக் கேட்பார். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்க வராது. மண்டியில் அந்தத் தேவை வந்ததில்லை.

எங்கள் வீட்டு வாசலில் பாய் விரித்து ஆலோசனை நடந்தது. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, முதல் ஆளாக வந்தார். தோட்டத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

"மே மாசம் டெல்லிக்கான்னு சேட்டு சிரிக்கறானுங்க மச்சான்" என்றார் மாமா. "அவங்காளுகளே அந்த மாசம் ஊட்ட உட்டு வெளிய வர மாட்டாங்களாமா. மழை உளுந்தப்பறம் போலாமுங்களே?"

"சித்திர வெயில்ல கடலக்கா புடுங்கற சனத்த டெல்லி வெயிலு என்னுங்க பண்ணிப்போடும்?" என்றார் அப்பா.

"அப்பறம் மழைக்குப் போனாச் சகதியா இருக்குமுங்க மாப்பிள்ளை" என்று அத்தை மாமாவைப் பார்த்துச் சொன்னார். ஏன் இந்த மாதமே போக வேண்டும் என்பது பாயில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டு எழுந்தார்கள்.

அத்தை ராகி மாவு, அரிசியும் பருப்பும் சோறு ஆக்குவதற்குச் சாமான், மோர்மிளகாய், ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம் எல்லாம் கட்டினார். மாமா தாஜ்மகால் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளப் புது வேட்டி ஒன்று வாங்கி, காகிதத்தைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்தார். பூச்சாட்டுக்கு முந்தின நாள் ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினோம். ஈரோட்டில் ரயில், மெட்ராஸில் வேறு ரயில்.

பாதி வழியிலேயே கூஜாத் தண்ணீர் ரசம் போலச் சுட்டது. டெல்லிக் கோட்டையில் செருப்பைத் தொலைத்துவிட்ட அத்தை, சிவப்புக்கல் தரையில் ஒரு காலிலும் மறுகாலிலும் மாறி மாறித் தாவினார். "இத்தன பெரிய கோட்டை கட்டுனவனுக்கு, நடக்கற எடத்துல ஒரு வேப்பமரம் வெக்கோணும்னு தோணுச்சா பாரு" என்றார். தாவினபடியே முழுக் கோட்டையையும் பார்த்தார்.

ஆக்ராவுக்கு ஒரு வேன் பேசினோம். விடிகாலையில் கிளம்ப வேண்டும் என்று டிரைவர் கையைக் காட்டி என்னவோ சொன்னார். மாமா எல்லாவற்றுக்கும் "அச்சா, அச்சா" என்றார். சோறாக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது உச்சி வெயில் ஆகிவிட்டது.

எங்கள் சீமையில் காற்று என்றால் பாலக்காட்டுப் பக்கமிருந்து வருவது. வெயில் எவ்வளவு அடித்தாலும், ஜன்னலைத் திறந்து வைத்தால் அது வந்து சமாளித்துவிடும். அதனால் வேன் கிளம்பியதும் மாமா எழுந்து நின்று, "எல்லாஞ் சன்னலத் தொறந்து உடுங்க, காத்து வரட்டும்" என்றார். திறந்தோம். காளவாய்க்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, கையை ஆட்டி, "லூ! லூ!" என்று கத்தினார்.

"என்னுங்க சொல்றான்?" என்றார் அப்பா.

"அடுத்தாப்ல வர்ற ஊருங்க மச்சான். லூன்னு பேரு" என்றார் மாமா. "கிட்டத்துல வந்துருச்சுங்கறான். அங்க எறங்கித் தண்ணி குடிச்சுக்கலாம்."

எல்லோரும் லூ ஊரை எதிர்பார்த்து, ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வயல் வந்தது, செங்கல் சூளை வந்தது, எருமை வந்தது. ஊர் வரவில்லை. டிரைவர் மறுபடி மறுபடி "லூ" என்றார், ஒவ்வொரு தடவையும் இன்னும் கோபமாக.

"என்றா இவன், லூவு லூவுங்கறான், ஊரையே காணோம்" என்றார் அத்தை. "மாப்பிள்ளை, தாண்டிப் போயிட்டமா என்னான்னு கேளுங்க."

கேட்பதற்குள் அத்தையின் தலை பக்கத்தில் இருந்த அம்மாவின் தோளில் சாய்ந்தது. கண் சொருகிவிட்டது. டிரைவர் ஒரு கைபம்பு பக்கம் வேனை நிறுத்தி, அவசரமாகக் கீழே குதித்து, கையை விரித்துக் காற்றைப் பிடித்துக் காட்டினார். "லூ" என்றார். அந்தச் சுடுகாற்றின் பெயர்தான் லூ என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

"காத்துக்குப் போயி ஊருப் பேர வெச்சிருக்கறானுக" என்றார் மாமா.

அத்தையை இறக்கி மரநிழலில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். டிரைவர் அத்தையின் பையில் சின்ன வெங்காயத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஒன்றை நசுக்கி அத்தையின் உள்ளங்கையில் தேய்த்தார். இன்னொன்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாருங்க, இந்தச் சமயத்துலயும் வெங்காயந் திருடறான்" என்றார் மாமா. வெங்காயம் மடியில் இருந்தால் லூ அண்டாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம் என்று பின்னாளில்தான் கேள்விப்பட்டேன்.

பிறகு எல்லாரும் ஒரே குரலாகப் பேச ஆரம்பித்தார்கள். இதற்குமேல் முடியாது, வேனைத் திருப்பு, இன்றைக்கே ரயிலேறிவிடலாம் என்றார்கள். அம்மாவும் அதையே சொன்னார். அப்பா கைபம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இப்போது திரும்பினால் நோம்பி நடந்துகொண்டிருக்கும்போது ஊரில் போய் இறங்க வேண்டும். பரிவட்டம் கட்டுகிற அன்றைக்குச் சரியாக இருக்கும்.

"உங்கக்காவுக்கு என்னன்னாலும் ஆயிப்போச்சுன்னா என்ன மச்சான் பண்றது?" என்றார் மாமா.

அப்பா பம்பிலிருந்து கையை எடுத்தார். "சரி, திருப்பச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு நோம்பியும் தெரியாது, பரிவட்டமும் தெரியாது. தாஜ்மகால் கைவிட்டுப் போகப்போகிறது என்பது மட்டும் தெரிந்தது. சந்தைக்குப் போகிற வெற்றிலைக் கூடைக்கு ஈரச்சாக்குப் போடுவோம். எவ்வளவு வெயிலிலும் உள்ளே இலை குளுகுளுவென்று இருக்கும். வேனில் சாக்கு இல்லை. மாமாவின் பெட்டியைத் திறந்து, புது வேட்டியின் காகிதத்தைக் கிழித்து, பம்பில் அடித்து நனைத்து, காற்று வருகிற பக்கத்து ஜன்னல் கம்பிகளில் நானே இழுத்துக் கட்டினேன்.

"அடேய், என்ற வேட்டிடா!" என்று மாமா ஓடிவருவதற்குள் உள்ளே காற்று மாறிவிட்டது. டிரைவர் வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டு, என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மற்ற ஜன்னல்களை அவரே சாத்தினார். அத்தையைத் தூக்கி அந்த ஜன்னலோரம் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

"ஆடிக் காத்தாட்டம் இருக்குது" என்றார். பிறகு, "ஏனுங்க மாப்பிள்ளை, லூ வந்துருச்சா?" என்றார்.

அப்பா சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். வேன் ஆக்ராவுக்கே போயிற்று. தாஜ்மகால் படத்தில் பார்த்தது போலவே இருந்தது, கொஞ்சம் பெரியதாக. போட்டோவில் மாமா செம்மண் நிறத்து வேட்டியில் நிற்கிறார். அதற்குப் பிறகு கங்கை, இன்னும் இரண்டு கோயில் என்று, போட்டுவைத்த நாளுக்கு ஒரு நாள்கூடக் குறையாமல் சுற்றிவிட்டுத் திரும்பினோம்.

ஊரில் பஸ் நின்றது. காய்ந்த வேப்பிலைத் தோரணம் இல்லை, தெருவில் மஞ்சள் கறை இல்லை. சித்தப்பா ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கண்ணா. உங்களுக்காவத்தான் பூச்சாட்டாம நிறுத்தி வெச்சிருக்கறமுங்க."

"எனக்காவவா? உங்ககிட்டச் சொல்லிப்போட்டுத்தானுங்களே தம்பி கெளம்புனேன்?"

"சொன்னீங்கண்ணா. நோம்பிங்களேண்ணான்னு நான் கேட்டதுக்கு, பஸ்ஸுப் படியில நின்னுக்கிட்டு, 'வாரேன் தம்பி, வாரேன்'னீங்க. ஊரே கேட்டுச்சுங்க. அண்ணன் வாரேன்னு சொன்னப்பறம் நாங்க எப்படிங்க ஆரம்பிக்கறது?"

எங்கள் பக்கத்தில் கிளம்புகிற யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும், போகிறேன் என்பது நல்ல வார்த்தை இல்லை. சித்தப்பாவும் பிறந்ததிலிருந்து அப்படிச் சொல்லித்தான் கிளம்புகிறவர். உண்மையாகவே தப்பாக எடுத்துக்கொண்டாரா, தெரிந்தே செய்தாரா என்று அவர் இருந்தவரை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்பது மரியாதை இல்லை.

"ரொம்ப சந்தோசமுங்க தம்பி" என்றார் அப்பா.

மறுநாள் பூச்சாட்டினார்கள். இனி யாரும் எங்கும் போக முடியாது. நோம்பியன்று சித்தப்பா மண்டபத்தில் வந்து நின்று, பூசாரி கட்ட வேண்டாம், அண்ணன் கையால் கட்டினால்தான் எனக்கு நிறைவு என்றார். ஊர் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. அப்பா துணியை வாங்கிக் கட்டினார். அவிழ்ந்தது. மறுபடி கட்டினார். மறுபடியும் நெற்றியில் வழுக்கிக்கொண்டு வந்தது. மேளம் நின்று காத்திருந்தது.

"நாங் கட்டி உடட்டுங்களாப்பா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா எனக்கு எட்டும்படி குனிந்தார். நான் இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் ஒரு முடிச்சுப் போட்டேன். அசையவில்லை. கெட்டிக்காரன் என்று பெரியவர்கள் என் கன்னத்தைத் தட்டினார்கள். அம்மா மட்டும் பூசை முடிவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அப்பா தலைக்குப் பிறகு அந்தத் துணி என் தலைக்கு வர வேண்டியது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இன்றைக்கும் அது சித்தப்பா வீட்டாருக்குத்தான். முடிச்சு அப்படி.

எங்கள் குடும்பத்தில் இன்னமும் அந்தப் பயணத்துக்கு 'மாமா கூட்டிப்போன டெல்லி' என்றுதான் பெயர். அதை மாற்ற வேண்டும். போகலாமா என்று கேட்டவன் நான். பாதி வழியில் திரும்ப இருந்த வேனை ஆக்ரா கொண்டுசேர்த்தவன் நான். இனிமேல் அந்தக் கதையை வீட்டில் யார் எடுத்தாலும், மாமா பெயரையும் அப்பா பெயரையும் பிறகு சொல்லிக்கொள்ளட்டும். முதலில் என் பெயரைச் சொல்ல வேண்டும்.