தியாவ் கடித்துப் பார்த்த கடிவாளம்

எங்கள் வார்ப்புப் பட்டறையில் செய்த எந்தக் கடிவாளமும் வார்ப்பவர் தியாவின் வாய்க்குள் போய்வராமல் குதிரையின் வாய்க்குப் போனதில்லை. இருபது வருடமாகப் பார்க்கிறேன். வெண்கலக் கம்பியைப் பற்களுக்கிடையில் வைத்து நாக்கால் மெதுவாகத் தடவுவார். களிமண் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் பிசிறு நின்றால் நாக்குக்கு உடனே தெரிந்துவிடும். எடுத்து என்னிடம் நீட்டுவார்.

"தங்கச்சி, இன்னும் கொஞ்சம் தேய்."

கல்லில் தேய்ப்பது என் வேலை.

ஒரு வசந்தத்தில் பிரபுவின் தேரோட்டி ஷூ கான் வந்தான். வடக்கிலிருந்து வந்த புதுக் குதிரையைத் தேரின் வலது ஓரத்தில் கட்டியிருந்தான். அது அவனுக்கு அடங்கவில்லை.

"கன்னத்துல படுற தகட்டுக்கு உள்பக்கம் முள்ளு வேணும். நல்லா கூரா."

"வலியில வெறி புடிச்சு ஓடும்ங்கய்யா," என்றார் தியாவ்.

"கடிவாளத்தக் கடிச்சுக் கடிச்சு நீயே குதிரையாயிட்ட போல. புல்லு போடச் சொல்லவா?"

கூட வந்த வீரர்கள் சிரித்தார்கள்.

தியாவ் முள் வைத்து வார்த்தார். வழக்கம்போல் தன் வாயில் மாட்டிப் பார்த்தார். எடுத்தபோது இரு கன்னங்களிலும் ரத்தப் பொட்டுகள். என் கல்லைக் காட்டினார். முனைகள் மழுங்கும்வரை தேய்த்தேன். பிறகு சட்டப்படி தகட்டின் ஓரத்தில் தன் பெயரைப் பொறித்துக் கொடுத்தார். தேய்த்தவள் பெயரைப் பொறிப்பதில்லை.

இலையுதிர்கால வேட்டையில் அந்தக் குதிரை காட்டுப்பன்றியைக் கண்டு மிரண்டு ஓடியது. தேர் பள்ளத்தில் கவிழ்ந்தது. தேரில் இருந்த பிரபுவின் இளைய மகன் கழுத்தில் சக்கரம் ஏறிச் செத்தான். கால் முறிந்த குதிரையை அங்கேயே கோடரியால் அடித்துக் கொன்றார்கள். கான் தப்பிவிட்டான்.

மறுநாள் காலை எங்கள் முற்றத்தில் விசாரணை. தண்டனைக்குக் கால் வெட்டும் கட்டையையும் கோடரியையும் முன்பே கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

"முள்ளெல்லாம் மழுங்கல்! பேரு இருக்கு பாருங்க!" என்று கத்தினான் கான்.

அதிகாரி முள்ளை விரலால் தொட்டுப் பார்த்தார். கூரா மழுங்கலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. தியாவைப் பார்த்தார்.

"வாயில போட்டுப் பாக்குறவன் நீதானே? போடு. தேரோட்டி இழுக்கட்டும். ரத்தம் வந்தா முள்ளு சரி, ஓட்டுனவன் கால் போகும். வரலேன்னா உன் கால்."

தியாவை மண்டியிட வைத்து, கைகளைப் பின்னால் கட்டி, கடிவாளத்தை வாயில் மாட்டினார்கள். கான் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு பூப்பறிப்பதுபோல் இழுத்தான்.

"குதிரைய இப்படித்தான் இழுப்பியாடா?" என்றார் அதிகாரி.

தியாவ் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு உடம்பு முழுவதையும் முன்னால் எறிந்தார். வார் கானின் மணிக்கட்டில் இறுகிக்கொண்டது. அவனால் விட முடியவில்லை. தியாவ் தலையை இடமும் வலமும் உதறினார். மழுங்கிய முள் குத்தவில்லை, பிய்த்தது. வலது கன்னம் பல் தெரியக் கிழிந்தது. இரண்டு பற்கள் மண்ணில் விழுந்தன.

"போதும்," என்றார் அதிகாரி. "முள்ளு சரிதான்."

"அவனே கிழிச்சுக்கிட்டான்யா! எல்லாரும் பாத்தீங்கல்ல? யாராச்சும் சொல்லுங்கடா!"

கானின் கண்கள் ஒவ்வொரு முகமாகச் சுற்றி என் கையில் இருந்த கல்லில் வந்து நின்றன. அதை மடிக்குள் வைத்து மூடினேன். அவனைக் கட்டையில் படுக்க வைத்தார்கள். முதல் வெட்டில் எலும்பு விடவில்லை. இரண்டாவதில் விட்டது.

கால் இழந்தவர்களை வாசல் காவலுக்கு வைப்பது இங்கே வழக்கம். கான் இப்போது எங்கள் பட்டறைக்குத்தான் காவல். தியாவின் கன்னம் சரியாக மூடவில்லை. தினைக்கஞ்சி குடிக்கும்போது ஓட்டையைக் கையால் பொத்திக்கொள்கிறார். கடிவாளங்களை இடது பக்கப் பற்களால் கடித்துப் பார்க்கிறார். நான் தேய்க்கிறேன். சரக்கு வண்டி புறப்படும்போது கான் கோலூன்றி எழுந்து கதவைத் திறந்துவிடுகிறான்.