கரைக்கு முதலில் வந்தவள்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பஞ்சு என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. ஆள் எலும்பும் தோலுமாகத்தான் இருப்பாள். கை அப்படி. ஊசி இறங்கியதே தெரியாது. "எப்பம்மா குத்துவீங்க?" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்பவரிடம், "முடிஞ்சிருச்சு, எழுந்திருங்க" என்பாள். நரம்பு பிடிபடாத வயதானவர்கள், ஊசியைக் கண்டாலே சரியும் வாட்டசாட்டமான ஆண்கள், வீறிடும் குழந்தைகள் எல்லோரும் கடைசியில் அவள் நாற்காலிக்குத்தான் வந்து சேர்வார்கள். எதற்கும் பதறாதவள் என்று பேர் எடுத்திருந்தாள். அவளும் அதை நம்பியிருந்தாள்.

முன்மேசையில் உட்கார்ந்து சீட்டுப் போடுகிறவள் ரேடியோ. அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. வந்தவருடைய வயதைக் கேட்டு எழுதுவதற்குள் அவர் மருமகளுக்கு எத்தனையாவது மாதம் என்பதுவரை தெரிந்துகொண்டுவிடுவாள். இருவரும் ஒரே காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பஞ்சுக்குக் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் கணவனும் பள்ளிக்கூடம் போகும் மகளும் இருந்தார்கள். ரேடியோவுக்குக் கல்யாணம் அமையவில்லை. அண்ணன் வீட்டில், துணி உலர்த்தும் பால்கனியை ஒட்டிய சின்ன அறை அவளுடையது. அண்ணியின் பழைய பீரோவும் தையல் மெஷினும் போக மிச்சமிருந்த இடத்தில் அவள் கட்டில்.

வெளிநாடு போகலாம் என்று ஆரம்பித்தவள் ரேடியோதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனை நீட்டினாள். மலைகளுக்கு நடுவே புகுந்து வந்த கடலில், மீன் மாதிரி ஒல்லியான சின்னப் படகுகளில் பெண்கள் துடுப்புப் போட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இதுக்குக் கயாக்னு பேரு. ஆளுக்கு ஒண்ணு. போலாமா?"

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"உனக்கு மட்டும் தெரியுமாக்கும்? லைஃப் ஜாக்கெட் தருவாங்கடி. முட்டி தேயறதுக்குள்ள ஒரு தடவை போயிட்டு வந்துருவோம்."

பஞ்சுவின் கணவன், "போயிட்டு வா, வீட்டை நான் பார்த்துக்கறேன்" என்றான். மகள்தான், "என்னையும் கூட்டிட்டுப் போ" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தோழிகள் இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

அங்கே முதல் சில நாட்களில் சிரித்ததுபோல் பஞ்சு அதற்குமுன் சிரித்ததில்லை. சரிவான தெருக்கள், மூடிய ஜன்னல்கள், பேசாமல் நடக்கிற மனிதர்கள். விடுதிக் கட்டிலில் போர்வையை நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி வைத்திருந்தார்கள். அதை உருவத் தெரியாமல், இருவரும் தபால் உறைக்குள் நுழைவதுபோல் மேல்பக்கமாக நுழைந்து படுத்தார்கள். ரொட்டிக் கடையில் ரேடியோ தமிழிலேயே பேசி, சிரித்து, கையை ஆட்டி, சூடான ரொட்டியோடு கடைக்காரியின் கல்யாண போட்டோவையும் பார்த்துவிட்டு வந்தாள். "பாஷை எதுக்குடி? மூஞ்சி இருக்கே" என்றாள்.

கயாக்குக்குப் போன அன்று வானம் தெளிவாக இருந்தது. வழிநடத்த வந்தவள் நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண். துடுப்பை எப்படிப் பிடிப்பது, படகு கவிழ்ந்தால் எப்படி அதையே பற்றிக்கொண்டு மிதப்பது என்று கரையிலேயே சொல்லிக் கொடுத்தாள். எல்லோரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்தாள். ஜோடியை விட்டு யாரும் விலகக் கூடாது, ஒருவர் கவிழ்ந்தால் மற்றவர் பக்கத்திலேயே நின்று விசில் ஊத வேண்டும் என்றாள். ஆளுக்கொரு விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"கேட்டுக்கோ, இன்னைக்கு நான்தான் உன் வீட்டுக்காரர்" என்றாள் ரேடியோ.

போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போதுதான் காற்று கிளம்பியது. கரைக்கும் ஒரு பாறைத் திட்டுக்கும் இடையே ஒடுங்கிய வழி. மற்றவர்கள் அதைக் கடந்துவிட்டார்கள். இவர்கள் இருவரும் பின்தங்கியிருந்தார்கள். பஞ்சு முன்னால் போக, கொஞ்சம் தள்ளிப் பின்னால் ரேடியோ காற்றையும் மீறி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கவாட்டில் அலை அடித்தது. பேச்சு பாதியில் நின்றது.

பஞ்சு தலையைத் திருப்பினாள். கவிழ்ந்த படகின் மஞ்சள் வயிறு தெரிந்தது. பக்கத்தில் ரேடியோவின் தலை மேலே வந்து இருமியது.

"பஞ்சு!"

அதே அலை பஞ்சுவின் படகையும் தூக்கிப் போட்டது. அவள் எதையும் முடிவு செய்யவில்லை. கை பாட்டுக்குத் துடுப்பை வலித்தது, கரையைப் பார்த்து.

"பஞ்சு, போகாதடி!"

அது தெளிவாகக் காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை. விசில் கழுத்திலேயே கிடந்தது.

கரை தட்டியதும் படகைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, எந்த அலையும் வர முடியாத தூரத்துக்குப் போய் நின்றாள். முன்னால் வந்தவர்கள் ஃப்ளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அவளிடம் ஒரு கோப்பையை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடிக்கவும் குடித்தாள். நரைமுடிக்காரி தலைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பஞ்சுவிடம் வந்து, "உன் ஜோடி எங்கே?" என்று கேட்டாள். பஞ்சு கையை மட்டும் நீட்டிப் பாறைப் பக்கம் காட்டினாள். அந்தப் பெண் ஓடிப் போய்ப் படகில் ஏறினாள்.

ரேடியோவை மீட்டுக் கொண்டு வந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. போர்வையில் சுற்றி உட்கார வைத்தார்கள். பல் கிடுகிடுக்க, சுற்றி நின்றவர்களிடம் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "என் சிநேகிதி. அவள் வந்து சொன்னாள். அவள்தான் காப்பாற்றினாள்." யாரோ கை தட்டினார்கள். பஞ்சு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கினாள். "அவ மட்டும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கரைக்குப் போய் ஆளைக் கூட்டிட்டு வரலைன்னா, நான் இன்னைக்குச் சுவத்துல போட்டோவாத்தான் இருந்திருப்பேன்." சர்க்கரை பார்க்க வந்தவர், கொழுப்பு பார்க்க வந்தவர், கர்ப்பிணிகள், துணைக்கு வந்தவர்கள் என்று யாரையும் அவள் விடவில்லை. எல்லோரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டே பஞ்சுவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "அது நீங்கதானா?" என்றார்கள். ஒருநாள் ஒரு பெரியவர், "உங்களை மாதிரி ஒரு சிநேகிதி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்மா" என்றார். அன்றைக்குப் பஞ்சுவுக்கு நரம்பு தவறியது. இரண்டாம் தடவை குத்த வேண்டி வந்தது. "பரவாயில்லம்மா, பரவாயில்ல" என்று அவரே சமாதானம் சொன்னது இன்னும் கொன்றது.

கணவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவன் ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தான். "தண்ணியில யாரா இருந்தாலும் அப்படித்தான். அவளே ஒண்ணும் சொல்லல, நீ ஏன் போட்டுக் குழப்பிக்கிற?" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அவன் மன்னிக்கிற விஷயமாக அது இல்லை. ரேடியோவுக்குத் தெரியுமா, தெரியாதா? தான் நிஜமாகவே உதவிக்கு ஆள் கூப்பிடத்தான் போனதாக அவள் நம்புகிறாளா? அதைக் கேட்கும் துணிவு பஞ்சுவுக்கு வரவில்லை.

பிறகு ரேடியோவின் அண்ணன், பஞ்சுவைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசாதவர். தங்கையிடம் அவர் பேசி யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்ததும் பஞ்சுவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணைத் திருப்பிக் குடுத்திருக்கீங்க."

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பஞ்சுவின் மகள் பெருமையாக அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் பஞ்சுவால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, கும்பிடாதீங்க. நான் ஒண்ணும் பண்ணல. அவ கூப்பிட்டா. நான் விட்டுட்டு வந்துட்டேன்."

அண்ணி சிரித்தாள். "பார்த்தீங்களா? பெரிய காரியம் பண்ணவங்க இப்படித்தான் ஒண்ணுமே இல்லாத மாதிரி பேசுவாங்க."

"நெசமா சொல்றேன் அண்ணி."

"சரி சரி, சாப்பிடுங்க. ஆறிடப் போகுது."

ரேடியோ எழுந்து தண்ணீர்ச் சொம்போடு சமையலறைக்குப் போனாள். பஞ்சு பின்னாலேயே போனாள். ரேடியோ குழாயைத் திறந்துவிட்டு, சொம்பு நிறைந்து வழிந்த பிறகும் மூடாமல் நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் பஞ்சு.

"உன் முதுகைத்தானே பார்த்துக்கிட்டு மிதந்தேன்? தெரியாம இருக்குமா?"

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் அப்படிச் சொன்ன?"

ரேடியோ குழாயை மூடினாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி பஞ்சு கேட்டதில்லை.

"இந்த வீட்டுல எனக்குன்னு என்னடி இருக்கு? அண்ணி என்ன சொன்னாலும், எனக்கு என் ஃப்ரெண்டு இருக்கான்னு சொல்லுவேன். அவளும் என்னை விட்டுட்டுப் போயிட்டாள்னு இவங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? விட்டுட்டுப் போனவளுக்கு மட்டும்தான் அசிங்கம்னு நினைச்சியா? விட்டுட்டுப் போகப்பட்டவளுக்கும் அசிங்கம்தான்."

"என்னை மன்னிச்சிரு" என்றாள் பஞ்சு.

"அதெல்லாம் இப்பக் கேக்காத. வராது." ரேடியோ சொம்பை எடுத்தாள். "இனிமே யார் முன்னாடியும் உண்மையைச் சொல்றேன்னு கிளம்பாத. உன் பாரம் இறங்கும், என் மானம் போகும். யாராவது பாராட்டினா சிரிச்சுட்டுப் பேசாம இரு. அதையாவது எனக்காகச் செய்."

அவர்கள் திரும்பி வந்தபோது அண்ணன், "என்ன, ரெண்டு பேரும் ரகசியமா?" என்றார். ரேடியோ சிரித்தாள். பஞ்சுவும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ரேடியோ அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஆனால் பரவியது பரவியதுதான். யாராவது ஒருவர் வந்து கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். பஞ்சு தலையைக் குனிந்து ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, "ஆமாங்க" என்றாள். முகம் சூடேறுவது அவளுக்குத் தெரியும். அடக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ரேடியோ அவளிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எவ்வளவோ மேலாக இருந்திருக்கும். "பன்னிரண்டாம் நம்பர் சீட்டு வந்திருக்கு, பார்த்துருங்க" என்று அவளைப் போய் 'ங்க' போட்டுப் பேசினாள். மதியம் தன் டிபன் பாக்ஸை முன்மேசையிலேயே திறந்துகொண்டாள். பஞ்சு உள்ளறையில் தனியாகச் சாப்பிட்டாள். தினமும் ரேடியோவுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டு வந்தாள். தினமும் அது மிச்சமானது. ஒருநாளும் அவள் போய்க் கெஞ்சவில்லை. கெஞ்சினால் அதுவும் தன் பாரத்தை இறக்குகிற வேலைதான் என்று அவளுக்குப் பட்டது.

மழைக்காலம் வந்து போனது. கூடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒருநாள் எங்காவது போய் வரலாம் என்று பேச்சு எழுந்தது. பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுப்பவர், ஏரியில் படகுச் சவாரி போகலாம் என்றார். எல்லோரும் உற்சாகமாகத் தலையாட்டினார்கள். "நம்ம பஞ்சு அக்கா இருக்காங்க, தைரியமா ஏறலாம்" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. பஞ்சு கையுறையைக் கழற்றத் தொடங்கினாள். கழற்றி முடிக்க வெகுநேரம் ஆனது.

முன்மேசையிலிருந்து ரேடியோவின் குரல் வந்தது.

"படகெல்லாம் வேணாம். நாங்க ரெண்டு பேரும் வரல."

யாரையும் பார்க்காமல், சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள். அதற்குமேல் ஒன்றும் இல்லை. பஞ்சு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. அந்த 'நாங்க'வைக் கேட்டபோதும் அவளுக்கு முதலில் வந்தது வெட்கம்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.