ஓட்டையில்லாத பால் டின்

லெட்சுமி அக்கா போன வாரம் குழந்தையோடு இந்த ரப்பர் தோட்டத்தை விட்டு, ஊருக்கே திரும்ப நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். இனி இதை எழுதலாம்.

விருந்தாளி ஏதாவது கொண்டுவந்தால் வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்? தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குபவள் நான். எதையும் வரிசைப்படுத்தினால்தான் நிம்மதி. ஒன்று — இரு கைகளாலும் வாங்க வேண்டும். இரண்டு — வந்தவர் முன்னாலேயே திறந்து, அவருக்கே முதலில் கொடுக்க வேண்டும். மூன்று — பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது.

எங்கே கிடைத்தது என்று கேட்கலாமா? அக்காவின் பால் டின் வரும்வரை யோசித்ததில்லை.

அக்காவின் கணவர் ரப்பர் மரம் சீவப் போனவர், திரும்பவில்லை. வாளி மட்டும் கிடைத்தது. புலி என்றார்கள் சிலர். துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனை எதிர்ப்பவர்களோடு சேர்ந்துவிட்டார் என்றார்கள் சிலர்.

குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததற்காக, ஒரு மாலை அக்கா பால் டின்னோடு வந்தார். வாங்கியதும் விரல் சில்லிட்டது. அடியில் ஈர மண். திருப்பிப் பார்த்தேன்... ஓட்டையே இல்லை.

வெள்ளைக்காரன் அறிவித்த இந்த அவசரகாலத்தில் கடைக்காரரே டின்னில் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். காட்டிலிருப்பவர்களுக்குப் போனாலும் கெட்டுவிடட்டும் என்றுதான்! அப்படியானால் இது கடையிலிருந்து வந்ததல்ல. யாராவது பார்த்தால் அக்காவுக்குச் சிறை. குழந்தைக்கு?

வாசலில் பூட்ஸ் சத்தம். கேட் காவல்காரர் பெரியசாமி அண்ணன்.

இரண்டாவது விதியை அவ்வளவு வேகமாக நான் கடைப்பிடித்ததே இல்லை. கத்தரிக்கோல் முனையால் இரண்டு குத்து.

அவர் உள்ளே வந்து டின்னைத் தடவினார். "கடக்காரன் ஓட்ட சின்னதால்ல இருக்கும்?"

"அடச்சுக்கிச்சுண்ணே. நாந்தான் பெருசாக்குனேன். டீ குடிக்கிறீங்களா?"

முதல் கோப்பை அக்காவுக்கு. இரண்டாவது அவருக்கு. உறிஞ்சிப் பார்த்துச் சிரித்தார். "நல்ல பால் லா! ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு மட்டும் எப்படித்தான் கெடைக்குதோ!"

அவர் போன பிறகு, மீதிப் பாலைக் கிண்ணத்தில் ஊற்றி டின்னைக் கழுவினேன். அக்கா கை நீட்டினார்.

"டின்ன குடு தங்கச்சி. திருப்பிக் குடுக்கணும்."

"யாருக்குக்கா?"

பழக்கத்தில் என் கை சர்க்கரை ஜாடிவரை போனது. அங்கேயே நின்றது. தோட்டத்தைச் சுற்றிய முள்வேலியைத் தாண்டி ஒரு பிடி சர்க்கரை போனாலும் எனக்கும் சிறைதான்! வெறும் டின்னைக் கொடுத்தேன்.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். "பரவால்ல. அவரு கோவிச்சுக்க மாட்டாரு."

மறுநாள் காலை, என் ஜன்னலுக்கு நேரே முள்கம்பியில் அந்த டின் தொங்கியது. துடைத்து வைத்தது போலச் சுத்தம். உள்ளே, விளிம்புவரை காட்டு ரம்புத்தான் பழங்கள். வேலி ஓரமெல்லாம் மழை ஈரம்... அதில் ஒரு காலடிகூட இல்லை.

நான் மீறிய விதியை அந்தப் பக்கம் யாரோ காப்பாற்றியிருந்தார்.

இரு கைகளாலும் எடுத்துக்கொண்டேன். எங்கே பறித்தது என்று கேட்கவில்லை.