கேன்டீன் டேபிளில் வைத்த பத்து பிரிண்ட் அவுட்

ஜெராக்ஸ் மெஷின் சூடானால் ஒரு வாசனை வருமே... பிப்ரவரி மாதம் முழுக்க எங்கள் ஆபீஸில் அந்த வாசனைதான்.

படப்பை தாண்டி ஒரு ஃபேக்டரியில், சம்பளப் பிரிவில் எனக்கு வேலை. செம்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ். இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் இருக்கும். வரி பிடிக்க வேண்டாம் என்றால் முதலீட்டு ரசீதைக் கொடுங்கள் என்று டிசம்பரிலிருந்தே கத்துவோம். ஒருத்தர் கொடுக்க வேண்டுமே! கடைசி வாரம் மொத்தமாக வந்து நிற்பார்கள்.

"மல்லிகா, எவ்ளோ போட்டா டாக்ஸ் புடிக்க மாட்டீங்க?"

எதில் போடுகிறோம் என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், என்ன?

அந்தக் கடைசி வாரத்துக்காகவே கேன்டீன் மூலை டேபிளில் ஒருவர் வந்து உட்காருவார். எங்கள் மேனேஜர் சாரின் மனைவி. இன்சூரன்ஸ் ஏஜென்ட். மேடம் பென்சிலால் டிக் போட்டுக் கொடுக்கும் இடத்தில் எல்லாம் கையெழுத்து போட வேண்டும். மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். லீவு கொடுப்பது சார் என்பதால், சாம்பார் சாதத்தைப் பிசைந்த கையைக் கழுவிவிட்டு வந்து வரிசையாகப் போட்டுவிட்டுப் போவார்கள்.

"மூணு வருஷம் கட்டினா போதும். எப்ப வேணா எடுத்துக்கலாம்," என்பார் மேடம்.

நான் அந்தப் பாலிசியின் பொடி எழுத்தை எல்லாம் படித்துத் தொலைத்தவள். மூன்று வருஷத்துக்குள் ஒரு ரூபாய் வெளியே வராது. முதல் வருஷம் கட்டுவதில் பெரிய துண்டு சார்ஜ் என்று போய்விடும். ஆனால் யாரிடம் சொல்வது? என் இன்க்ரிமென்ட்டுக்குக் கையெழுத்து போடுவதும் அதே சார்தான். வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

நான் இன்டர்நெட்டில் பிளாக் எழுத ஆரம்பித்தது அதனால்தான். வேறு எந்தப் பெரிய காரணமும் கிடையாது.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய். நாலு தடவை குத்தினால்தான் ஸ்பேஸ் பார் வேலை செய்யும். பேர் போடவில்லை, பயம். இங்கிலீஷில் எழுதினேன்... அதில்தான் மதிப்பு என்று எனக்கு ஒரு திமிர். பாலிசியின் பெயரைத் தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டு, கீழே நாலு பக்கத்துக்கு அதை நார் நாராகக் கிழித்திருந்தேன்.

பத்து காப்பி பிரிண்ட் எடுத்தேன். திங்கட்கிழமை யாரும் வருவதற்கு முன் கேன்டீன் டேபிள்களில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு வந்தேன். படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று!

மதியம் நடந்ததை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மேடம் அதில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா, இன்டர்நெட்லயே நம்ம பாலிசிய பத்தி நாலு பக்கம் எழுதியிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். அவரும் படிக்கவில்லை! தலைப்போடு சரி. இங்கிலீஷ் தெரிந்த இன்ஜினியர்கள்கூட முதல் வரியைத் தாண்டவில்லை. அத்தனை பேரும் மாடு மாதிரி தலையை ஆட்டினார்கள்.

அதோடு விட்டார்களா? அந்த பிரிண்ட்டையும் ரசீதோடு சேர்த்து பின் அடித்து, ப்ரூஃப் என்று என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் எழுதியது, என் மேஜைக்கே, ஏழு காப்பி. தலையைக் கொண்டுபோய் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏழில் ஒன்று ஸ்டெல்லா அக்காவுடையது.

பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். தினமும் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பவர். மகள் ஆன்சியை நர்சிங் சேர்க்க சீட்டு எடுத்து வைத்திருந்த ஐம்பதாயிரத்தை, ஜூனில் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி அதில் போட்டிருந்தார். ரசீதைப் பார்த்தபோது பணம் போய்விட்டிருந்தது. பாலிசி கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள் கேன்சல் பண்ணினால் பணம் திரும்பும், சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சாருக்குத் தெரிந்துவிடுமே என்று விட்டுவிட்டேன்.

ஜூன் வந்தது. பஸ்ஸில் அக்கா கேட்டார்.

"மேடம் போனே எடுக்க மாட்டேங்குது மல்லி. பணம் இப்ப வராதாமே... இன்னாடி இது?"

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நாலு பக்கம் நான் எழுதியதுதான் என்பதையும். அக்கா திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேம்ப் ரோடு ஸ்டாப்பில் இறங்கும்போது கேட்டார்.

"தெனம் பக்கத்துலதானேடி குந்திகினு வந்தே? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனா?"

ஆன்சி அந்த வருஷம் காலேஜ் சேரவில்லை. அதே தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வருஷம் முழுக்க வேலைக்கு நின்றாள். அந்தப் பக்கம் போக எனக்கு முகமில்லை. பிரவுசிங் சென்டரையே மாற்றினேன்.

அதன் பிறகுதான் தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்டு, சொந்தப் பேரைப் போட்டு எழுத ஆரம்பித்தேன். அந்த வருஷம் எனக்கு இன்க்ரிமென்ட் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் போ என்றிருந்தது.

இன்றைக்கு எல்லார் கையிலும் போன். கேன்டீன் மேடத்துக்குப் பதிலாக ஸ்க்ரீனில் நூறு பேர். வேலைக்கும் போய்க்கொண்டு நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'தயவுசெய்து இதை வாங்காதீர்கள்' என்று தலைப்பிலேயே சொன்னால், கீழே முதல் கமென்ட்: "மேடம், இதில் சேர லிங்க் ப்ளீஸ்." அடுத்தது: "எழுதி மாசம் எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?" என்னத்தைச் சொல்ல...

ஆன்சி ஒரு வருஷம் கழித்துப் படித்து நர்ஸாகிவிட்டாள். ஸ்டெல்லா அக்கா ரிடையர் ஆகிவிட்டார். இத்தனை வருஷத்தில் என் பிளாக்கில் ஒரு பக்கம் படித்ததில்லை. யாராவது ஒரு ஃபார்மை நீட்டினால் எனக்கு போன் போடுவார்.

"நீ எழுதுனதெல்லாம் கெடக்கட்டும். வாயால சொல்லு. போடவா, வேணாவா?"

ஆபீஸில் எந்த மீட்டிங்கில் இருந்தாலும், அந்த நம்பர் வந்தால் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவேன்.