வானம் தெரிகிற கூரை

போன வருடம் செப்டெம்பர் முடிவில், மெல்பேர்னில் நடந்தது இது. வசந்த காலம் என்று பெயர்தான். காலையில் வெயில், மத்தியானம் காற்று, பின்னேரம் மழை என்று எல்லாம் ஒரே நாளில் வந்துபோகும். நான் அப்போது வெரிபீயில் மூன்று நண்பர்களோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தேன். என் அறையில் ஒரு மெத்தையும் இரண்டு சூட்கேஸும்தான். வேலி அடைப்பதும், வீடுகளின் பின்வளவில் மரத்தளம் போடுவதும் என் வேலை.

கலியாணமாகி மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி திருச்சியில், இலங்கை அகதிகள் முகாமில், தாய் தகப்பனோடு இருந்தாள். விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். ஊரில் என் அம்மா சாத்திரியாரைப் பார்த்துவிட்டு வந்து, "எல்லாத்துக்கும் நேரம் வரவேணும் தம்பி" என்பார். குருப்பெயர்ச்சி வந்து போனது, சனிப்பெயர்ச்சியும் வந்து போனது, விசாவைத்தான் காணவில்லை. நேரம் என்று யாராவது வாயெடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கிழமைதான் மனைவி வீடியோவில் என் அறையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். 

"நான் வருவன் எண்டு உண்மையா நம்பியிருந்தா, நான் இருக்க ஒரு கதிரையாவது வாங்கி வைச்சிருப்பீங்கள்" என்றாள்.

நீ வந்த பிறகு சேர்ந்து வாங்கலாம் என்றுதான் விட்டு வைத்திருக்கிறேன் என்றேன். எடுபடவில்லை. "விசா வந்தா மட்டும் எடுங்கோ" என்று போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனை தடவை எடுத்தும் பதில் இல்லை. இவளை இழந்துவிடுவேனோ என்ற பயம் அன்றுதான் முதன்முதலாக வந்தது.

அந்த மனநிலையோடுதான் கோல்ஃபீல்ட் பக்கம் ஒரு யூத வீட்டுக்கு வேலைக்குப் போனேன். கணவன், மனைவி இரண்டு பேர். கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். கணவனுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்திருந்ததால் ஏணி ஏற முடியாது. பின்வளவில் ஒரு கொட்டில் போடவேண்டும் என்றார். சாமான் வைக்கவா என்று கேட்டேன். இல்லையாம், ஒரு கிழமைக்கு அதற்குள் இருந்து சாப்பிடுவதற்காம். அவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு கொட்டிலில் சாப்பாடு! முன்னோர் எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுபட்டு, நாற்பது வருடம் பாலைவனத்தில் அலைந்த காலத்தை நினைத்து வருடாவருடம் கொண்டாடும் பண்டிகை என்று விளக்கினார். நானும் வன்னியில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலுக்குள் வளர்ந்தவன்தான். அதைக் கொண்டாடலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மரச்சட்டம் அடித்து, சுற்றிவரத் துணி கட்டினேன். கூரைக்கு மூங்கிலும் பச்சை ஓலைகளும். கூரையைத் தாங்களே போடவேண்டும் என்று அவர் மனைவி ஏணியில் ஏற, நான் கீழே நின்று எடுத்துக் கொடுத்தேன். பிறகு மனைவியே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக்கில் செய்த மாதுளம்பழம், திராட்சைக் குலை, வண்ணச் சங்கிலி. ஒரு கிழமையில் பிரிக்கப்போகும் கொட்டிலுக்கு இவ்வளவு சோடனையா என்று மனதுக்குள் சிரித்தேன். சில பழங்களை மட்டும் மிகவும் தாழ்வாகக் கட்டச் சொன்னார். தலையில் இடிக்குமே என்றேன். சின்னக் கைகளுக்கு எட்டவேண்டும் என்றார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்களா என்று கேட்டேன்.

"இன்னும் வரவில்லை" என்றார்.

கடைக்குப் போனவர்கள் வரக் கொஞ்சம் பிந்துகிறது என்பதுபோலச் சொன்னார். எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அவர்களுக்கு இன்னும் பிள்ளையே இல்லை என்று விளங்கியதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பின்னேரம் அவர்கள் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. என்னால் சும்மா நிற்க முடியவில்லை. வாகனத்தில் கிடந்த நீலத் தறப்பாளை எடுத்து, கூரைக்கு மேலே இழுத்து, நாலு மூலையையும் விறைப்பாகக் கட்டினேன். ஒரு சொட்டு இறங்காது. அதில் நான் கைதேர்ந்தவன்.

அவர் திரும்பி வந்து, ஊன்றுகோலோடு நின்று மேலே பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன். நன்றாகத்தான் கட்டியிருக்கிறாய், ஆனால் கழற்றவேண்டும் என்றார். ஓலைக்கு மேலே எதையும் மூடக்கூடாதாம். இரவில் உள்ளே இருந்து பார்த்தால் நட்சத்திரம் தெரியவேண்டுமாம். மழை வந்தால் ஒழுகுமே என்றேன். ஒழுகும்தான் என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு மழை இரவு முழுக்க என் அம்மா தறப்பாளைக் கையால் பிடித்தபடி நின்றதை அவருக்குச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஒழுகுகிற கூரையை யாராவது விரும்பிப் போடுவார்களா என்றும் கேட்டேன்.  அவர் மனைவிதான், பண்டிகைக்குள் ஒருநாள் சாப்பிட வாருங்கள், உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

"இன்னும் வரவில்லை" என்றேன்.

எப்படி என் வாயில் அது வந்ததோ தெரியாது. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தறப்பாளை நானே கழற்றினேன்.

பண்டிகையின் நடுவில் ஒரு மாலை போனேன். வெள்ளை விரிப்பு, வீட்டிலேயே நல்ல கோப்பைகள், தேன் தொட்ட பாண் துண்டுகள். கடவுளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம், 'அந்தப் பெயர்' என்றுதான் சொல்வார்களாம். அம்மா என் அப்பாவின் பெயரைச் சொல்லாத மாதிரி என்றேன், இரண்டு பேரும் சிரித்தார்கள். சூப் ஊற்றிய கையோடு மழை பிடித்தது. நான் எழும்பிவிட்டேன். அவர்கள் அசையவில்லை. மழை சூப்பைக் கெடுக்கும் அளவுக்கு வந்தால்தான் உள்ளே போகலாம் என்பது கணக்காம்! கணவன் சூப்பைப் பார்த்தபடி இருந்தார். அடுத்த நிமிடம் கொட்டத் தொடங்க, கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் வீட்டுக் குசினிக்குள் ஓடினோம்.

நான் சொன்னேனே என்று எனக்குள் ஒரு அற்ப சந்தோசம். இவ்வளவு சோடனையும் வீணாய்ப் போய்விட்டதே என்றேன். அவர் தோளைக் குலுக்கினார்.

"கொட்டில் போடுவது எங்கள் வேலை. எப்போது உள்ளே இருக்க விடுவது என்பது அந்தப் பெயரின் வேலை. எப்படியும் மழைதானே என்று போடாமல் விட்டால், மழை விட்ட பிறகு நாங்கள் எங்கே போய் இருப்பது?"

இவ்வளவும் சொல்வார், ஆனால் காலையிலிருந்து போனில் மழை வருமா வருமா என்று பார்த்தபடிதான் இருக்கிறார் என்று மனைவி அவரை நக்கலடித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. மெத்தையும் சூட்கேஸும் கிடக்கும் என் அறை கண்ணுக்குள் வந்து நின்றது. எப்படியும் அவள் வரப்போவதில்லை என்று நான் எப்போதோ முடிவெடுத்துவிட்டேன். அவளுக்கு அது வீடியோவிலேயே தெரிந்துவிட்டது.

மழை விட்டது. திரும்பிப் போய்க் கதிரைகளைத் துடைத்தோம். அவர் மனைவி முதலில் அந்தத் தாழ்வான பழங்களைத்தான் துடைத்தார். ஒரு மாதுளம்பழத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். நம்புகிறவர்களுக்கு வலிக்காது என்று அதுவரை நினைத்திருந்தேன். வலிக்கிறது. வலியோடுதான் கட்டுகிறார்கள். ஓலை இடுக்கால் ஒரு நட்சத்திரம் தெரிந்தது.

ஒரு மாதத்துக்குள் வெரிபீயிலேயே சின்ன வீடு ஒன்று வாடகைக்கு எடுத்தேன். ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் வாங்கிப் போட்டு, யன்னலுக்குத் திரை மாட்டி, படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். அன்று பதில் வரவில்லை. அடுத்த நாள் அவளே எடுத்தாள்.

"அந்தக் கதிரை ஏன் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்குது? யன்னல் பக்கம் திருப்பி விடுங்கோ."

"ஓம், திருப்புறன்."

"அது ஆற்ற கதிரை?"

"உன்ர."

போனைப் பிடித்தபடியே கதிரையை யன்னல் பக்கம் திருப்பி வைத்தேன்.

இந்த வருடமும் கொட்டில் போடப் போனேன். அவருக்கு முழங்கால் சுகமாகிவிட்டது, இருந்தாலும் கூப்பிட்டார். யாரும் சொல்லாமலே சில பழங்களைத் தாழ்வாகக் கட்டினேன். அவர்களுக்கு இன்னும் வரவில்லை. எனக்கும் இன்னும் வரவில்லை. பின்னேரங்களில் வெயில் யன்னலால் வந்து அவளுடைய கதிரையில் விழும்போது நெஞ்சு கனத்துத்தான் போகிறது. ஆனால் நேரம் வரும் என்று அம்மா சொன்னால் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அது வந்தால் உட்கார எங்கள் வீட்டில் ஒரு கதிரை இருக்கிறது.